புதுப்பிப்பு: 60 லிட்டர் தொட்டியில் மீன் விட்டாயிற்று
புதுத் தொட்டியில் மீன்களுக்கு நஞ்சான நைட்ரைட் மூன்று வாரமாக இறங்கவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். காரணம் என் கைவேலைதான். வடிகட்டியின் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் பளிச்சென்று அலசியதால், மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அழிந்திருக்க வேண்டும். பிறகு நண்பரின் பழைய தொட்டியிலிருந்து அந்தப் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பழுப்பேறிய பஞ்சுத் துண்டொன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து வைத்தேன். 12ஆம் நாள் சோதனைக் குழாயில் நைட்ரைட்டைக் காட்டும் ஊதா மறைந்து, அது இல்லை என்று காட்டும் வெளிர்நீலம் நின்றது. சோதிக்க 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அம்மோனியா சேர்த்தும் 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம்.

தங்கமீன்தான் எதையும் தாங்கும் என்று கடைக்காரர் வற்புறுத்தினார். அதன் கழிவுக்கு இந்தத் தொட்டி போதாது என்பதால், பாதி நீரை மாற்றிவிட்டு 6 வரிக்குதிரை டேனியோக்களை (கோடு போட்ட சிறு மீன்கள்) நேற்று விட்டேன். இப்போதைக்குச் சிட்டிகை உணவும் தினசரிச் சோதனையும்தான்.