மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு தீராத கைவலி: காரைக்குடி பக்கம் யாரிடம் காட்டலாம்?

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் இடது மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் ஆனது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். தையல் ஆறிவிட்டது, கைவலி மட்டும் விட்டபாடில்லை. மேல்கையின் உள்பக்கம் மரத்தும் கிடக்கிறது, எரியவும் செய்கிறது. ரவிக்கை உரசினாலே சுரீர் என்கிறது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று விடைத்து நிற்கிறது. பரணில் இருக்கும் பணியாரச் சட்டியை எடுக்கக்கூட மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அக்குள் வழியாகப் போகும் உணர்வு நரம்பு ஆபரேஷனில் அடிபட்டால் இப்படி இருக்கும் என்றார் டாக்டர். சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றும் பயிற்சியும் சொன்னார், செய்து வருகிறேன். வீக்கம் இல்லை. அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடுவதில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி நல்லெண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிடுகிறேன் என்று நிற்கிறார். பாசம்தான், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

காரைக்குடி, தேவகோட்டையில் இந்த மாதிரிக் கையைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் யாராவது இருக்கிறார்களா? மதுரைக்குத்தான் போக வேண்டுமா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, அதனால்தான் கேட்கிறேன். நரம்பு எரிச்சலுக்கு மாத்திரை எடுத்தவர்களுக்குப் பகலில் தூக்கம் தள்ளியதா? அந்தக் கயிறு மாதிரி இழுப்பு யாருக்காவது சரியாகியிருந்தால், என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள்.