கூட்டத்தில் வாய் திறக்காத பணியாளர்களுக்கு எழுதிய வசனமில்லா நாடகப் பயிற்சி உதவுமா?

கேள்வி (ராணிப்பேட்டை):
தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். மேற்பார்வையாளர் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. குறை கண்ணில் பட்டிருந்தாலும், சரக்கு ஏற்றும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வருகிறது. எழுதி வைத்த வசனமின்றி நடிக்கும் பயிற்சிகள் இதற்கு உதவுமா?

மறுமொழி (வேலூர்):
நிச்சயம் உதவும். சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் உருவாக்கிய நாடக விளையாட்டுகளே இம்முறையின் வேர். அங்கே 1959இல் தொடங்கிய செகண்ட் சிட்டி நாடகக் குழு நிறுவனங்களுக்கும் பயிற்சி அளிக்கிறது. முதலில் 'ஆமாம், அதோடு' என்ற பயிற்சியைச் செய்யுங்கள். ஒருவர் "இந்தத் தோலில் நிறம் சீராக இல்லை" என்றால், அடுத்தவர் மறுக்காமல், "ஆமாம், அதோடு ஓரம் வெளிறியிருக்கிறது" என்று ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். தன் பதிலை மனத்துக்குள் தயாரித்துக்கொண்டிருப்பவரால் இதைச் செய்யவே முடியாது. முடிவை ஏற்பது வேறு, சொன்னதைக் காதில் வாங்குவது வேறு என்பதையும் முன்பே விளக்கிவிடுங்கள்.

மறுமொழி (செய்யாறு):
நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன், அரச வேடத்தையே அந்த நொடியில் தோன்றும் கேள்வியால் மடக்குகிறான்; அவையும் அதை ஏற்கிறது. நாடகப் பயிற்சியாளர் கீத் ஜான்ஸ்டன் வகுத்த, மேல்நிலை கீழ்நிலையை மாற்றி நடிக்கும் பயிற்சியும் இத்தகையதே. என் கருத்தில் உங்களுக்கு இதுவே முதல் தேவை: மேற்பார்வையாளர் புதிய பணியாளராக நடிக்கட்டும். ஆனால் விருப்பமில்லாத எவரையும் நடிக்க வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மேற்பார்வையாளரிடம் தனியாகப் பேசி, அவர் இசைந்த பிறகே தொடங்குகிறேன்.