விண்மீன்களே இல்லாவிட்டால் நிலைமம் இருக்குமா?

குமுளி வாசகர்:
லோயர் கேம்பிலிருந்து ஏறும் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, கம்பியில் மாட்டிய பை வெளிப்பக்கம் சாய்கிறது. பொருள் தன் இயக்கம் மாறுவதை எதிர்க்கும் இந்தப் பண்புக்கு நிலைமம் என்று பாடநூல் பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பேருந்து எதைப் பொறுத்துத் திரும்புகிறது? மலையையா, விண்மீன்களையா, வெற்று வெளியையா?

செங்கோட்டை ஆசிரியர்:
நியூட்டன் 1687-இல் வெளியிட்ட நூலில் இதைச் சுழலும் வாளியைக் கொண்டு ஆராய்ந்தார். வாளி சுழலத் தொடங்கும்போது நீர்ப்பரப்பு தட்டையாகவே இருக்கிறது. நீரும் சேர்ந்து சுழன்ற பின்னரே நடுவில் குழிகிறது. ஆகவே குழிவுக்குக் காரணம் வாளியைப் பொறுத்த சுழற்சியன்று, எந்தப் பொருளையும் சாராமல் தானே நிலைத்திருக்கும் தனிமுதல் வெளியைப் பொறுத்த சுழற்சியே என்றார். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1883-இல் இதை மறுத்து, சுழற்சியை விண்மீன்கள் முதலிய பிற பொருள்களைப் பொறுத்தே சொல்ல முடியும் என்றும், வாளியின் சுவர் பல காத தூரம் தடித்திருந்தால் என்ன நிகழும் என்று யாராலும் சொல்ல இயலாது என வாதிட்டார். எனக்கு மாக்கின் கட்சியே பிடிக்கும்.

வாளையார் வாசகர்:
ஐயா, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகள் அக்கட்சிக்கு முழுத் துணை வருவதில்லை. பொருளே இல்லாத அண்டத்துக்கும் அவற்றில் தீர்வு உண்டென 1917-இல் வானியலாளர் டி சிட்டர் காட்டினார். ஆயினும், மாக்கின் எண்ணத்தை ஓரளவு ஒத்த ஒரு விளைவு உண்டு: சுழலும் பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியைச் சற்றே இழுத்துச் செல்வதை, 2004-இல் ஏவப்பட்ட கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளின் கைரோஸ்கோப்புகள் (திசை மாறாமல் சுழலும் கோளங்கள்) அளந்தன. இதனால் அவற்றின் அச்சு விலகுவது ஆண்டுக்கு ஒரு பாகையில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு.

குமுளி வாசகர்:
அடிப்படைத் துகள்களுக்கு நிறை தருவதாகச் சொல்லப்படும் ஹிக்ஸ் புலம் இதற்கு விடையாகாதா?

வாளையார் வாசகர்:
ஆகாது. புரோட்டானின் நிறையில், அதன் உள்துகள்களான குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் புலம் தரும் சொந்த நிறை சுமார் 1 விழுக்காடே; மீதமெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல். அந்த ஆற்றல் ஏன் முடுக்கத்தை எதிர்க்கிறது என்ற உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.