புதுப்பிப்பு: ஆவணப்படத்தில் பழைய திரைப்பாடல்

இலங்கையின் ஹட்டன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களைப் பற்றி நாங்கள் எடுத்துவரும் ஆவணப்படத்தில், ஒரு பழைய திரைப்பாடலின் 20 விநாடிகளைச் சேர்க்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தெளிவு கிடைத்துள்ளது.

தேவைப்படுவது ஓர் அனுமதியல்ல, இரண்டு: வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியவர்களிடம் ஒன்று, ஒலிப்பதிவுக்கு உரிய நிறுவனத்திடம் மற்றொன்று. சில விநாடிகள் என்றால் இலவசம் என்பது வெறும் நம்பிக்கை; சட்டத்தில் அப்படியோர் அளவு இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 50 ஆண்டுகளும், பாடலின் பதிப்புரிமை இயற்றியவர் மறைந்து 70 ஆண்டுகளும் நீடிப்பதால், ஒலிநாடா எவ்வளவு பழையதாயினும் மெட்டு இன்னும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். இந்தியாவிலோ ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள். அங்கும் திரையிட விரும்புவதால் அதையும் கணக்கில் கொண்டோம்.

எனவே அப்பாடலைக் கைவிட்டு, தோட்ட மக்கள் ஆடும் காமன் கூத்தில் ஒலிக்கும் தப்பு என்ற தோற்கருவியின் இசையை நாங்களே பதிவு செய்தோம். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மீண்டும் காய்ச்சிய பிறகே தப்புக் கலைஞரான பெரியவர் அடிக்கத் தொடங்கினார். கலைஞருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. ஆகையால் எங்கெங்கு ஒளிபரப்புவோம், எவ்வளவு கொடுப்போம் என்பதைத் தமிழில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, பிரதியொன்றை அவரிடமே கொடுத்தோம்.