செயின்தலோன் ஒட்டுக்கன்று அசல்தானா? மரபணுக் குறிப்பான் சொல்லுமா?

கேள்வி (யாங்கோன்):
செயின்தலோன் (மியான்மர் மா ரகம்) ஒட்டு மாங்கன்று 40 வாங்கியிருக்கிறோம். காய்க்கும்வரை காத்திருக்காமல் இலையை வைத்தே ரகத்தை உறுதி செய்ய முடியுமா? எந்த இலை எடுக்க வேண்டும்?

பதில் 1:
முடியும் ஐயா. ஒட்டுக்கு மேலே வந்த இளந்தளிரை மட்டும் கிள்ளுங்கள்; கீழே முளைத்தது வேர்க்கன்றின் (ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின்) இலை. உடனே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள், இலை எடையைப்போல் 10 மடங்கு. முற்றிய இலை வேண்டாம். அதிலுள்ள பாலிஃபீனால் டிஎன்ஏவைப் பழுப்பாக்கி, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரையே நிறுத்திவிடும். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துவைக்கும் பிவிபியை 2% சேர்த்து, அரைத்த இலையை அதில் 65 டிகிரியில் அரைமணி நேரம் வையுங்கள். பிசின்போல் இழுத்தால் கரைசலின் உப்புச் செறிவை 1.4இலிருந்து 2 மோலாராக ஏற்றுங்கள்.

பதில் 2:
மரபணுக் குறிப்பானில் ஆர்ஏபிடி வகை வேண்டாம், ஆய்வகத்துக்கு ஆய்வகம் பட்டை (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) மாறும். எஸ்எஸ்ஆர் (டிஎன்ஏவில் சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) குறிப்பான் 10, 12 போதும். ரகம் உறுதியான தாய்மரத்தின் இலையையும் கூடவே சோதனையில் ஓட்டுங்கள்; அது இல்லாமல் ஒப்பிட ஒன்றுமில்லை. ஒரு குறிப்பானில் மட்டும் வேறுபட்டால் மறுபடி ஓட்டிப் பாருங்கள், பலவற்றில் என்றால் வேறு ரகம். ஒரே குறிப்பானில் மூன்று பட்டை வந்தால் பெரும்பாலும் இலை கலந்திருக்கும்.

பதில் 3:
ஒன்று கவனியுங்கள் அண்ணே. கிளைத் திடீர்மாற்றத்தில் (ஒரு கிளையில் மட்டும் தானாக வரும் மரபணு மாற்றத்தில்) வந்த ரகத்தை எஸ்எஸ்ஆர் பெரும்பாலும் பிரித்துக் காட்டாது. அதற்குப் பழத்தைத்தான் பார்க்க வேண்டும்.