மறு: ரீகால் என்பதற்குத் 'திரும்பப் பெறுதல்' போதுமா?

வணக்கம் நண்பர்களே,

கேமரா கலைச்சொல் பட்டியலில் ரீகாலுக்கு (recall, குறை இருக்கக்கூடிய பொருளைக் கொண்டுவரச் சொல்லிக் கம்பெனி விடும் அறிவிப்பு) நேரே 'திரும்பப் பெறுதல்' என்று போட்டு முடித்துவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. மற்ற சொற்களுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஃபுல் ஃபிரேமுக்கு (படம் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. பிலிம் அளவுக்கே இருப்பது) 'முழுச்சட்டகம்' நன்றாகவே பொருந்திவிட்டது. ஷட்டரை (சென்சாருக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை) ஷட்டர் என்றே விடலாம், ஸ்டுடியோக்காரர்கள் யாரும் வேறு மாதிரி சொல்வதில்லை, 'மூடி' என்று மாற்றினால் லென்ஸ் மூடியோடு குழம்பும். ஆனால் ரீகால் விஷயம் வேறு. கேமரா வைத்திருப்பவர் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தாக வேண்டும். சொல் தடுமாறினால் அவரும் தடுமாறுவார்.

நிக்கான் டி750 கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். 2014 செப்டம்பரில் வந்த முழுச்சட்டகக் கேமரா. 2015 ஜூலையில் அந்தக் கம்பெனியே ஓர் அறிவிப்பு விட்டது: சில கேமராக்களில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டு போகலாம், வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கேமரா அதில் அடங்கினால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள், இலவசமாக ஷட்டரை மாற்றித் தருகிறோம். முதலில் 2014 அக்டோபர், நவம்பர் மாதங்களில் செய்த கேமராக்களுக்கு மட்டும் என்றார்கள், அப்புறம் 2016-இலும் 2017-இலும் அந்த வட்டத்தைப் பெரிதாக்கினார்கள். கவனியுங்கள், யாருடைய கேமராவையும் யாரும் திரும்பப் பெறவில்லை. கொடுத்தார்கள், மாற்றினார்கள், அதே பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) அதே வரிசை எண்ணோடு அதே ஆளின் கைக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் இதை ரீகால் என்று எழுதின. கம்பெனியின் தலைப்பிலேயே அந்தச் சொல் கிடையாது, தொழில்நுட்பச் சேவை அறிவிப்பு என்ற பொருளில்தான் போட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது (எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை). அதில் என்ன போட்டிருக்கிறது, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டவருக்கு இன்னொருவர் 'கேமராவைத் திரும்பப் பெறுகிறார்களாம்' என்று சொல்லிவிட்டார். உடனே அவருக்கு வந்த கேள்விகள் என்ன தெரியுமா? பணம் தருவார்களா, புது பாடி தருவார்களா, கொடுக்காவிட்டால் கேஸ் வருமா, முகூர்த்த நாள் நெருங்கும்போது கேமரா இல்லாமல் என்ன செய்வது. ஒரு கேள்விகூட அந்த அறிவிப்போடு சம்பந்தப்பட்டதில்லை. கேமரா போய்விடுமோ என்ற பயத்திலேயே அவர் அந்த மின்னஞ்சலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

தள்ளிப்போடுவது எவ்வளவு மோசம் என்பதற்கு ஷட்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே இரண்டு திரைகள் இருக்கின்றன, மெல்லிய தகடுகள் அடுக்கிய திரைகள். முன்திரை ஓடி சென்சாரைத் திறந்துவிடும், பின்திரை பின்னாலேயே ஓடி மூடும். 1/200 நொடி வரை, முன்திரை முழுதும் திறந்து முடித்த பிறகுதான் பின்திரை கிளம்பும். அதற்கு மேல் வேகம் போனால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, நடுவில் ஒரு கீற்று மட்டுமே சென்சார் மேல் நகர்ந்து போகும். 1/4000 நொடியில் அந்தக் கீற்று மிக மெல்லியது. அங்கே ஒரு திரை சற்றே பின்தங்கினாலும் படத்தின் ஓரத்தில் கருப்புப் பட்டை விழுந்துவிடும். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், ஃபிளாஷ் போட்டு வேகத்தை அளவுக்கு மேல் வைத்தாலும் இதே மாதிரி பட்டைதான் விழும். கல்யாண போட்டோகிராபர் பட்டையைப் பார்த்தால் 'சிங்க் தவறிப்போச்சு' (ஃபிளாஷும் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை) என்று நினைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஃபிளாஷை அணைத்துவிட்டு, வெயில் படும் வெள்ளைச் சுவரை 1/1000-இலிருந்து 1/4000 வரை எடுத்துப் பார்த்தால்தான் குற்றம் ஷட்டரிலா வேகத்திலா என்று புரியும். தாலி கட்டும் நேரத்தில் அந்தச் சோதனைக்கு யாருக்கு அவகாசம்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'திரும்பப் பெறுதல்' தப்பான சொல் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் வேறு. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது நடந்தது அசல் திரும்பப் பெறுதல்: போனைக் கொடுத்துவிட்டுப் பணத்தையோ வேறு போனையோ வாங்கிக்கொண்டு போனார்கள், உற்பத்தியே நின்றது. நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 20-ஆம் பிரிவும் ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறச் சொல்லவும், வாங்கியவர்களுக்கு விலையைத் திருப்பித்தரச் சொல்லவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த இடத்தில் 'திரும்பப் பெறுதல்' கச்சிதம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றிலேயே அடைக்க வேண்டுமா? நிக்கான் டி600-இல் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். சென்சாரில் புள்ளி விழுகிறது என்று புகார்கள் குவிந்து, 2014 பிப்ரவரியில் ஷட்டரை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் சரி என்றார்கள். அடுத்த மாதமே ஷாங்காய் அதிகாரிகள் அந்தக் கேமராவின் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். ஒரே கேமரா, ஆனால் சரிசெய்யக் கூப்பிட்டது ஒன்று, கடையிலிருந்து எடுக்கச் சொன்னது வேறொன்று.

என் பரிந்துரை 'திருத்த அழைப்பு'.

முதலில் 'பழுதுநீக்க அழைப்பு' என்று வந்த யோசனையை நான் ஏன் ஏற்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அறிவிப்பில் அடங்கும் கேமராக்களில் பல இன்றைக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். 'பழுது' என்று எழுதினால் 'என்னுடையதில் பழுது ஒன்றும் இல்லையே' என்று உரியவர் ஒதுங்கிவிடுவார். அவரையும் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். 'திரும்ப அழைத்தல்' என்பதோ தேர்ந்தெடுத்த உறுப்பினரைப் பதவியிறக்கும் உரிமைக்குப் பழகிப்போனது, கேமராவுக்கு வேண்டாம்.

'திருத்தம்' சட்டத்துக்கும் விடைத்தாளுக்கும் உரியது, எந்திரத்துக்குச் சொல்வதில்லை என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். ஐயா, தமிழ்நாட்டு வழக்கில் அது உண்மைதான். ஆனால் இலங்கையில் சைக்கிளைத் திருத்துவார்கள், வானொலியைத் திருத்துவார்கள், 'வாகனத் திருத்துமிடம்' என்று பலகையே இருக்கும், வீதித் திருத்த வேலை என்று செய்தியில் வரும். ரிப்பேர் என்ற சொல்லுக்கு நம்மிடம் உயிரோடு இருக்கும் தமிழ்ச் சொல் அது. அதை இங்கேயும் கொண்டுவர இது நல்ல வாய்ப்பு என்றே நினைக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்துவிட்டேன். 'இந்த வரிசை எண்களுக்குத் திருத்த அழைப்பு வந்திருக்கிறது.' 'பழைய கேமரா வாங்குகிறேன், திருத்த அழைப்பு முடிந்ததா?' இந்த இரண்டாவது கேள்வி மிக முக்கியம். டி750-க்கே ஷட்டருக்கு முன்னால் 2015 ஜனவரியில் ஒளிச்சிதறலுக்காக (பலமான வெளிச்சம் படத்தில் சிதறித் தெரியும் குறை) இன்னோர் அழைப்பு வந்தது. அந்தத் திருத்தம் முடிந்த கேமராவில் ட்ரைபாட் திருகும் துளைக்குள்ளே ஒரு கருப்புப் புள்ளி வைத்தார்கள். செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு எல்லாம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் எழுதும்போது 'ஷட்டர் திருத்த அழைப்பு', 'ஒளிச்சிதறல் திருத்த அழைப்பு' என்று எதற்கானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று குறிப்பில் போடலாம்.

கார்களுக்கும் இதே சொல் பொருந்தும். டகாட்டா கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரத்தில் உலகம் முழுக்க கார்களைப் பட்டறைக்குக் கூப்பிட்டு ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை (பையை ஊதவைக்கும் பாகம்) மாற்றித்தான் அனுப்பினார்கள், நம் செய்திகளில் இப்படிப்பட்டதற்கும் 'கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்றே வருகிறது.

பட்டியலில் இரண்டு பதிவாகப் போடச் சொல்கிறேன்: பொருளை வாங்கிக்கொண்டு பணமோ மாற்றோ தருவது 'திரும்பப் பெறுதல்', சரிசெய்து அதே ஆளிடம் கொடுப்பது 'திருத்த அழைப்பு'. ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதுங்கள், சர்வீஸ் சென்டரில் கவுன்டரில் உட்காருகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் முதலில் நீங்கள் எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் இதை எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறீர்கள் என்று தெரிந்தால் இதைவிட நல்ல சொல்லும் கிடைக்கலாம்.