யூதப் பள்ளிகளின் பாடமுறை: தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். பி.எட். மாணவர்களுக்காக யூதக் கல்விமுறை பற்றி ஒரு பாடம் தயாரிக்கிறேன். இஸ்ரேலிலோ அமெரிக்காவிலோ யூதப் பள்ளிகளை நேரில் அறிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூத் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பல பள்ளிகளில் அதில் 'பாவா மெட்சியா' என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். வழியில் கிடந்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் அது. சிதறிக் கிடக்கும் காசை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். பையோடு கிடைத்தால் ஊரறிய அறிவிக்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு என்று பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து சத்தமாக வாதாடுவார்கள். இந்த ஜோடிப் படிப்புக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

தல்மூத் பக்கத்தின் நடுவில் மூலம், ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியின் உரை. அந்த உரையை வகுப்பில் எப்போது காட்டுகிறார்கள்? பிள்ளைகள் தாமே முட்டி மோதிய பிறகா, முதலிலேயேவா? வேகமாகப் படிப்பவரையும் மெதுவாகப் படிப்பவரையும் ஜோடி சேர்ப்பார்களா? அப்புறம், ஒரு வகுப்பில் எத்தனை வரி ஓடும்?

யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன, அதனால் நூல் தேவையில்லை. ஆசிரியர்கள் தயாரித்த பயிற்சித்தாள் ஒன்றிரண்டு இருந்தால் அனுப்புங்கள், பெரிய உதவியாக இருக்கும்.